பழையபேட்டை தையல் சாமான் கடையில் வழிகாட்டிய பெரியவருக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தையல் சாமான் விற்கும் கடைக்குப் பொத்தான் வாங்க வந்து, நான் பெயர் கேட்பதற்குள் காவேரிப்பட்டணம் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்ட பெரியவருக்கு என் நன்றி.

ஐயா, எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தில் துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டதால், அடியில் மேல் நூலையும் கீழ் நூலையும் பிணைக்கும் பாகமான ஷட்டிலையே மாற்ற வேண்டும் என்று பழுது பார்ப்பவர் கூறியிருந்தார். அதை வாங்கத்தான் நான் அங்கே நின்றிருந்தேன். நான் வைத்திருந்த மாதிரித் துணியைத் திருப்பிப் பார்த்த தாங்கள், “அடியில் சுருண்டால் கோளாறு பெரும்பாலும் மேலேதான் இருக்கும், தம்பி” என்றீர்கள். மேல் நூலை இறுக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே பஞ்சு அடைந்தால் நூல் பிடிமானமின்றித் தளர்ந்து அடியில் குவியும் என்பதையும், துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கினால்தான் அத்தகடுகள் விலகும் என்பதால் நூல் கோக்கும்போதும் அதைத் தூக்கியே வைக்க வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள்.

அவ்வாறே பாதத்தைத் தூக்கி, முடிச்சிட்ட தடித்த நூலைத் தகடுகளுக்கிடையே இழுத்தபோது, சீருடைத் துணியின் நீலம் கலந்த பஞ்சுத் திரி ஒன்று வெளியே வந்தது. தாங்கள் சொன்னபடி 16ஆம் எண் புது ஊசியும் போட்டபின் தையல் இருபுறமும் சீராக விழுகிறது, ஷட்டில் பழையதேதான்.

தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகிவிடும், மெஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும் என்றீர்களே, அதை மட்டும் அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.