பலகையை மறந்துவிடாதே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அமெரிக்காவின் ஊன்சாக்கெட் நகரத் திரைப்பட இரவுக்கு நீ போட்ட பட்டியலில் படம் இருக்கிறது, வயலின்காரர் இருக்கிறார், தூர்த்தியேர் இறைச்சிப் பணியாரம்கூட இருக்கிறது. கால் தட்டும் பலகையைக் காணோமே! கனடாவின் கியூபெக் மாகாண நாட்டுப்பாட்டுக்கு மேளம் தேவையில்லை. வயலின்காரரே உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் தரையைத் தட்டுவார், அதுதான் தாளம். ‘போடோரித்மி’ என்பார்கள். ரீல் என்ற வேகமான நடன மெட்டுக்கு அது ‘தாம் தக, தாம் தக’ என்று ஓடும். உங்கள் கூடத்தில் கம்பளம் விரித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதன்மேல் தட்டினால் ஒன்றும் கேட்காது.

முக்கால் அங்குல பிளைவுட், மூன்றடிக்கு இரண்டடி போதும். அடியில் நாலு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டு, இல்லாவிட்டால் நாலு மெட்டு முடிவதற்குள் பலகை முன்னால் நகர்ந்திருக்கும். நாற்காலி பலகைக்கு வெளியே இருக்கட்டும். ஆள் கனம் ஏறினால் ஓசை அமுங்கிவிடும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டாம், வில் இடிக்கும். ரப்பர் அடி ஷூவும் உதவாது, தோல் அடிதான் சரி. பலகைக்கென்று தனி மைக் வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலியை வெட்டிவிடு. வெட்டாவிட்டால் ‘தக’ மறைந்து வெறும் ‘தொம்’தான் மிஞ்சும்.

‘தூக்கிலிடப்பட்டவனின் ரீல்’ வாசிக்கச் சொல்லப்போகிறாயா? அதற்கு ஜி-டி-ஏ-இ தந்திகளை ஏ-இ-ஏ-சி ஷார்ப் என்று மாற்றிக் கட்டுவார்கள். நம்மூர் வயலினில் ச-ப-ச-ப கட்டுவதுபோலத்தான், கடைசித் தந்தி மட்டும் ‘ப’வுக்குப் பதில் ‘க’. மேடையிலேயே முறுக்கினால் தந்தி நிலைகொள்ளாமல் சுருதி மாறிக்கொண்டே வரும். முன்கூட்டியே கட்டி வைத்த இரண்டாவது வயலின் பக்கத்தில் இருக்கட்டும்.

படத்துக்கு வருகிறேன். நீ எழுதியபடி மூன்று படம் வேண்டாம், ஒன்று போதும். மொன்ரியாலில் டாக்சி ஓட்டிய வயலின் மேதை ழான் கரிஞானைப் பற்றி பெர்னார் கோஸ்லான் 1975இல் எடுத்த ஆவணப்படத்தைப் போடலாம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத் தயாரிப்பு. வாரியத்தின் பல படங்களை வீட்டிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். பொதுத் திரையிடலுக்குத் தனி அனுமதி வேண்டும், அதை இப்போதே கேள். அக்காலப் படச்சட்டம் சதுரத்தை ஒட்டியது. அகலத் திரைக்கு இழுத்தால் வில் பிடித்த கை குண்டாகிவிடும். ஐரோப்பிய டிவிடி கிடைத்தால் இன்னும் ஜாக்கிரதை. விநாடிக்கு 24 சட்டம் 25 ஆகும்போது சுருதி ஓர் அரைச்சுரத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். படத்தோடு சேர்ந்து வாசிக்க நினைக்கும் உங்கள் வயலின்காரர் திணறிப்போவார்.

லா போல்டுக் பாட்டும் போடுகிறாய், நல்லது. 1894இல் காஸ்பே தீபகற்பத்தில் பிறந்த கியூபெக் பாடகி மேரி டிராவர்ஸ்தான் அவர். அவருடைய ‘துர்லூத்’ பகுதிக்கு வசன வரி ஓட்டாதே. கொன்னக்கோல்போலப் பொருளில்லாத அசைகள்தான், ஆனால் இங்கே நாக்கு மெட்டையே பாடுகிறது. பழைய இசைத்தட்டின் கரகரப்பை நீக்குகிறேன் என்று மென்பொருளில் துடைத்தால் அந்த நாக்கு அடிகளும் சேர்ந்து போய்விடும். கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

கியூபெக்கிலிருந்து உங்கள் ஊர் நூற்பாலை வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு இன்று பிரெஞ்சு வராது. அதனால் பின்பாட்டு வரிகளை மட்டும், உச்சரிப்பு அப்படியே விளங்கும்படி, ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடு. முழுப் பாட்டையும் கொடுத்தால் தாளைத்தான் பார்ப்பார்கள், பாடமாட்டார்கள். தாளம் தட்டும் கரண்டிகளைக் கடைசிப் பாட்டுக்கு முன் விநியோகிக்காதே. நாற்பது பேர் தொடையில் கரண்டி தட்டத் தொடங்கினால் எந்த வயலினும் கேட்காது.

பலகை வாங்கியதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்