ஆடையின் உள்பக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்காலத்து ஆடைகளைத் தாங்களே தைத்து அணிகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மாறுவேடம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். உங்கள் கட்டுரையாளர் அப்படிச் செய்யவில்லை. அதற்கு நன்றி.

ஆனால் ஒரு குறை. ஏழு படங்கள் போட்டிருந்தீர்கள். ஏழும் ஆடையை முன்னாலிருந்து எடுத்தவை. உள்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. தைக்கிறவர்களுக்கு வேண்டிய விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாததால்தானோ என்னவோ, "அந்தக் காலத்து ஆடைக்குள் உடம்பை அசைக்கவே முடியாது" என்ற வரியும் கட்டுரைக்குள் வந்துவிட்டது.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். நான் முதலில் தைத்தது 1770களில் ஐரோப்பியப் பெண்கள் அணிந்த, உடம்போடு ஒட்டிய ஒரு மேல்சட்டை. ஓவியங்களையும் அருங்காட்சியகப் படங்களையும் பார்த்துப் பார்த்து வெட்டினேன். கை தூக்கச் சிரமமாக இருக்குமே என்று அக்குள் வெட்டை, அதாவது சட்டைக் கை வந்து சேரும் துளையின் அடிப்பக்கத்தை மட்டும் இரண்டு விரல் அளவு தாராளமாக இறக்கிவிட்டேன். போட்டுப் பார்த்தால் கை தோளுக்கு மேல் போகவில்லை. வலிந்து தூக்கினால் சட்டை மொத்தமும் இடுப்பிலிருந்து மேலே ஏறியது. 'பாவம், இதற்குள் எப்படித்தான் இருந்தார்களோ' என்று நினைத்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து, அதே காலத்துச் சட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு எடுத்த படம் கண்ணில் பட்டது. அக்குள் வெட்டு நான் இறக்கிய இடத்துக்கு வெகு மேலே, அக்குளை ஒட்டியே இருந்தது. தோள் தையல் தோளின் உச்சியில் இல்லை, முதுகுப் பக்கமாகச் சரிந்திருந்தது. சட்டைக் கையை முழங்கை வரும் இடத்தில் வளைத்தே வெட்டியிருந்தார்கள். பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து, கைகளைப் பிரித்து, புதுத் துணியில் அதே மாதிரி வெட்டித் தைத்தேன். கை முழுசாக மேலே போனது. இடுப்பில் சட்டை இம்மியும் நகரவில்லை. அக்குள் வெட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை தனியாக அசையும், உடம்புத் துணியைச் சேர்த்து இழுக்காது. அதை இறக்கி வெட்டி, கையைக் கட்டிப்போட்டது நான்தான். பழியை மட்டும் 18ஆம் நூற்றாண்டின் மேல் போட்டிருந்தேன்.

சட்டைக்கு அடியில் போடும் லினன் (ஆளி நார்த் துணி) உள்ளாடையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆண்களுக்கு லினன் சட்டையும் உள்ளாடைதான். அதைப் பிரித்துப் பரப்பினால் வளைவே இருக்காது. எல்லாம் சதுரமும் நீள்சதுரமும்தான். துணியின் அகலத்துக்குக் கணக்குப் போட்டு வெட்டியிருப்பதால் துண்டு வீணாகாது. அக்குளில் மட்டும் ஒரு சின்னச் சதுரத் துணியை மூலைவாட்டில் வைத்திருப்பார்கள். கையை ஆட்ட இடம் கொடுப்பது அந்தச் சதுரம். தேன்மெழுகு தடவிய நூலில், அதன் நான்கு பக்கத்தையும் உள்ளே மடக்கித் தைக்க எனக்கு ஒரு மாலை பிடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சட்டையின் கீழ்ப்பகுதியில் சிறு குறுக்குத் தையலில் சொந்தக்காரரின் பெயரெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். துவைக்கப் போன இடத்தில் மாறிவிடக் கூடாது என்பதற்காக. வியர்வையை வாங்குவதும் அடிக்கடி துவைக்கப்படுவதும் இந்த லினன்தான். மேலே அணியும் பட்டுத் துணியைத் தண்ணீரில் போடுவதே அபூர்வம். எங்களில் சிலர் இன்றைய உள்ளாடைக்கு மேலே பட்டு கவுனை மாட்டிக்கொண்டு, வேர்க்கிறது, உறுத்துகிறது என்கிறார்கள். உறுத்தத்தான் செய்யும். அடியில் இருக்க வேண்டியது இல்லையே.

அப்புறம் அந்தப் பட்டு கவுன்களின் தையல். முதல் தடவை உள்பக்கப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. மேலுடம்பில் மட்டும்தான் நெருக்கமான பின்தையல். கீழே பாவாடைப் பகுதியில் நீள நீளமான ஓட்டுத்தையல். இவ்வளவு விலை உயர்ந்த துணியில் இவ்வளவு அவசரத் தையலா என்று நினைத்தேன். அவசரமில்லை, கணக்கு. அன்று தையல் கூலியைவிடப் பட்டின் விலை பல மடங்கு. பாணி மாறியதும் கவுனைப் பிரித்து அதே துணியில் வேறு கவுன் தைப்பார்கள். நூலை இழுத்தால் வந்துவிட வேண்டும், துணியில் ஊசி ஓட்டை அதிகம் விழக் கூடாது. அதற்காகவே அந்த நீளத் தையல்.

லண்டனில் பட்டு நெசவாளர்கள் இருந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த அன்னா மரியா கார்த்வெய்ட் (1688–1763) பட்டுக்கு வரைந்த நூற்றுக்கணக்கான வடிவங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலவற்றில் தேதியும், வாங்கிய நெசவாளர் பெயரும் அவர் கைப்படவே எழுதியிருக்கிறது. அதனால்தான், 1740களில் நெய்த பட்டு 1770களின் பாணியில் நிற்கிறது என்று சில கவுன்களைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. பழைய மடிப்பின் தடமும் முன்பு ஊசி போன ஓட்டைகளும் உள்ளே இருக்கும். முன்பக்கப் படத்தில் அந்த முப்பது வருடம் எங்கே தெரியும்?

நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஆடை ஒன்று உண்டு. எகிப்தில் தர்கான் என்ற இடத்துக் கல்லறைகளைத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி 1912–13இல் தோண்டியபோது அழுக்கு லினன் மூட்டை ஒன்று கிடைத்தது. அது அப்படியே கிடந்து, 1977இல் துணிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சுத்தம் செய்யப் பிரித்தபோதுதான் உள்ளே சட்டை இருப்பது தெரிந்தது. கைகளிலும் தோள்பகுதியிலும் வரிவரியாக மடிப்பு வைத்த சட்டை. கதிரியக்கக் கார்பன் சோதனை அதன் காலத்தை கி.மு. 3482க்கும் 3102க்கும் இடையில் வைக்கிறது. நெய்து தைத்த ஆடைகளில் இதுவரை தெரிந்தவற்றுள் உலகத்திலேயே பழையது அதுதான். கிடைத்தபோது அது உள்வெளியாகத் திரும்பியிருந்தது. முழங்கையிலும் அக்குளிலும் சுருக்கம் விழுந்திருந்தது. தலைவழியாக ஒரே இழுப்பில் கழற்றிப் போட்டால் சட்டை அப்படித்தான் கிடக்கும், நம் வீட்டிலும். ஐயாயிரம் வருடத்துக்கு முன் யாரோ அதைப் போட்டு, கையை மடக்கி, கழற்றியிருக்கிறார்கள். அந்தச் சுருக்கங்களின் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

அசலை அணிந்து பார்க்க முடியாது, அணியவும் கூடாது. உடம்பின் சூடும் வியர்வையும் இழுவையும் பழைய நூலைத் தின்றுவிடும். 2022இல் நடிகை மர்லின் மன்றோவின் 1962ஆம் வருடத்து கவுனை நியூயார்க் விழா ஒன்றுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அணிந்து வந்தபோது, வரலாற்று ஆடைகளை யாருமே அணியக் கூடாது என்று சர்வதேச அருங்காட்சியக மன்றம் அறிக்கை விட்டது. மிகச் சரி. அதனால்தான் நாங்கள் தைத்துப் பார்க்கிறோம். எந்த இடத்தில் துணி இழுக்கிறது, எங்கே முதலில் தேய்கிறது என்பதையெல்லாம் ஒரு நாள் முழுக்கப் போட்டு நடந்து, குனிந்து, உட்கார்ந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த விஷயத்தை எடுக்கும்போது ஒரே ஒரு பக்கம் உள்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அருங்காட்சியகங்களிடம் படம் கேட்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல், அக்குள், கழுத்துப் பட்டியின் அடிப்புறம், இடுப்பில் பாவாடை சேரும் இடம் ஆகிய மூன்றுக்கும் படம் கேளுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்திருந்தால் இன்னும் நல்லது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நாங்கள் எண்ணிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி