பெரியம்மாவும் வரிச்சுருளும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள சிவா,

கோபிக்காதே மச்சான், உன் கடிதம் வந்து மாரியும் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் சுகம். பரியாரியார் இன்னும் அதே சைக்கிளில்தான்.

இப்போது எழுதுவது அக்காவின் மகளால். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கிறாள். காந்தத்தை அசைத்தால் கம்பிச் சுருளில் பிறக்கிற தூண்டிய மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் உடனே விரல்களை முறுக்குகிறாள். வலக்கையா இடக்கையா என்று அவளுக்கே சந்தேகம். ரியூசனில் முழுப் பெடியளும் இப்படித்தானாம். எனக்கு விசர் வந்தது. பிளெமிங்கின் வலக்கை விதி, காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போகும் நேர்க்கம்பிக்குச் சரி. சுருளுக்கு முன்னால் காந்தம் வரும்போது எந்த விரலை எங்கே நீட்டுவது?

காந்தப்புலம் மாறினால் மின்னோட்டம் பிறக்கும் இந்தத் தூண்டலைப் பரடே 1831இல் கண்டார். திசைக்கு ஒரே வசனத்தில் வழி சொன்னவர் இலென்ஸ், 1834இல்: தூண்டிய மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் பக்கமாக ஓடும்.

அவளுக்கு உன் பெரியம்மாவைச் சொன்னேன். படலைக்குள் ஆள் வந்தால் "ஏன் வந்தனீ?" வெளிக்கிட்டால் "இருந்து சாப்பிட்டிட்டுப் போ." வடமுனை கிட்ட வர, சுருளின் இந்தப் பக்கமும் வடமுனையாகித் தள்ளும், காந்தத்தின் பக்கம் நின்று பார்த்தால் மின்னோட்டம் இடஞ்சுழி. வடமுனை விலக, அதே பக்கம் தென்முனையாகி இழுக்கும், வலஞ்சுழி. எதிர்ப்பது புலத்தையல்ல, மாற்றத்தை. பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான்.

"எதிர்க்காமல் உதவி செய்தால் என்ன மாமா?" என்றாள். கெட்டிக்காரி! உதவினால், லேசாகத் தட்டிவிட்ட காந்தம் தானே வேகம் பிடித்து உள்ளே பாயும், மின்சாரமும் இனாம். பிறகு சுன்னாகம் மின்நிலையத்தில் எண்ணெய் எரிப்பானேன்? எதிர்ப்பை மீறித் தள்ளுகிற கையின் வேலைதான் மின்சாரமாகிறது.

குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற கடையில் ஒரு செப்புக்குழாய்த் துண்டு வாங்கி, நியோடிமியம் காந்தத்தை உள்ளே விட்டோம். பிவிசி குழாயில் டொக்கென்று விழுந்தது. செப்பில் காந்தம் ஒட்டாது, ஆனாலும் அங்கே ஆறுதலாக இறங்கியது. மேலே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழாய்ச் சுவரில் ஓடும் சுழல் மின்னோட்டம்தான் பிடிக்கிறது என்று நான் சொல்ல முன்னமே சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒன்று. ஒரே அச்சில், முகத்துக்கு முகமாக இரண்டு சுருள். முதலாவதின் ஆளியைத் திறந்து மின்னோட்டத்தை நிறுத்தினால் இரண்டாவதில் மின்னோட்டம் எந்தத் திசை? ஞாயிறு இரவு உன்னை அழைத்துக் கேட்பாள். அதே திசைதான் என்று வாய் தவறியும் உளறாதே, அவளே யோசிக்கட்டும்.

உன்,
குகன்