நெல்லுக்குள் கை விடாமல் விலை முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிசானப் பருவ நெல் அறுவடை தொடங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் நெல் தரகில் இருப்பவர்களின் செல்போன் ஓயாது. உள்ளங்கையில் ஒரு பிடி நெல்லை வைத்து எடுத்த போட்டோ வரும். அதன் பின்னாலேயே, “என்ன வெலை போகும் அண்ணாச்சி?” என்று ஒரு குரல்பதிவு. இந்தப் போட்டோவை நம்பி விலையை முடித்து, லாரி ஏற்றி, கடைசியில் ஆலை வாசலில் நின்று சண்டை போடுவது வர வர வழக்கமாகி வருகிறது. எதற்கு நேரில் போயே தீர வேண்டும், எதற்குப் போக வேண்டியதில்லை என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

போட்டோவில் விழாத முதல் சங்கதி ஈரம். 100 கிலோ நெல்லில் ஈரம் 20 சதவீதம் என்றால் மீதி 80 கிலோதான் சரக்கு. அதை 14 சதவீதத்துக்குக் காயப்போட்டால் எடை 93 கிலோவாக இறங்கிவிடும். 75 கிலோ மூட்டைக்கு இது ஐந்தேகால் கிலோ. 200 மூட்டை லோடுக்கு ஒரு டன்னுக்கும் மேல். போனில் விலை சொன்னவர் இந்த நஷ்டத்தைச் சுமக்க மாட்டார்; ‘கழிவு’ என்று பெயர் வைத்து விவசாயி கணக்கில்தான் எழுதுவார். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை எடுப்பது வழக்கம் என்பதால் அங்கேயும் இதே பேச்சுதான். மிஷின் அறுத்து நேராக டிராக்டரில் கொட்டிய நெல்லும், களத்தில் இரண்டு வெயில் கண்ட நெல்லும் செல்போன் கேமராவில் ஒரே பொன்னிறம்தான். வீடியோ காலும் மேலாகத் தெரிவதைத்தான் காட்டும்.

களத்துக்குப் போகிறவர் பனி உலர்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் போக வேண்டும். விடியற்காலை நெல் எதைப் பிடித்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். அம்பாரத்தின் மேல் நெல்லைப் பார்ப்பதில் பயனில்லை. முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் ஈரத்தோடு குவித்து வைத்தது என்று அர்த்தம். இரண்டு நாளில் அரிசி மஞ்சள் தட்டும். உள்ளிருந்து எடுத்த நெல்லில் நாலைந்தைப் பல்லில் கடித்தால், காய்ந்தது ‘டக்’கென்று உடையும், காயாதது அவல் மாதிரி நசுங்கும். பிறகு ஒரு பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து, உமியை ஊதிவிட்டு அரிசியைப் பார்க்க வேண்டும். பால் பிடிக்காத பச்சை அரிசி எத்தனை, வேறு ரகம் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு வயலில் அறுத்த மிஷின் தொட்டியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த வயலில் இறங்கினால் ரகம் கலந்துபோகும். கலந்த நெல்லைப் புழுக்கினால் ஒன்று வெந்திருக்கும், இன்னொன்று வேகாது. ஆலைக்காரர் முகம் சுளிப்பது இதனால்தான். சாக்குப் பிடித்த நெல்லாக இருந்தால் சாக்கின் வாயோடு நிறுத்தாமல் வாய், நடு, அடி என மூன்று இடத்தில் குத்தி எடுக்க வேண்டும். பதர் எப்போதும் அடியில்தான் ஒளிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இருக்கும்போது அங்கேதான் இருக்கிறது.

நெல் மட்டுமல்ல. உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் பார்த்து நாக்கில் வைக்காமல் யார் வாங்குவார்? பத்தமடைப் பாயின் நெருக்கம் விரலுக்குத் தெரிகிற மாதிரி திரைக்குத் தெரியாது.

நேரில் போவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் பெயர் தாட்சண்யம். வீட்டில் காபி குடித்துவிட்டு, “ஒங்களுக்குத் தெரியாததா, பாத்துச் செய்யுங்க” என்று கேட்டபிறகு, நெல் பச்சை என்று சொல்ல வாய் வராது. விற்கிறவருக்கும் அதே கதை. திண்ணையில் வந்து உட்கார்ந்தவரிடம் விலை போதாது என்று முறித்துச் சொல்ல முடியாது. அதனால் பார்ப்பதையும் விலை முடிப்பதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். இன்று பார்த்துவிட்டு நாளைக் காலையில் விலை சொல்லுங்கள். அந்த விலையைப் போனிலேயே சொல்லலாம், தப்பில்லை.

விலை முடிந்த கையோடு மாதிரி எடுத்து வையுங்கள். அரை அரைக் கிலோவாக மூன்று பை: விற்பவரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று, இருவர் கையெழுத்தோடு ஒட்டி லாரியில் போவது ஒன்று. துணிப்பை கூடாது, வழியிலேயே காய்ந்து போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைதான் சரி. கூடவே ஒரு துண்டுச் சீட்டில் ரகம், மூட்டை எண்ணிக்கை, ஈரம், விலை, கழிவு எவ்வளவு, சாக்கு எடை யார் கணக்கு, பணம் தரும் தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சாக்கு எடையை அற்பமாக நினைக்க வேண்டாம். சணல் சாக்கு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் வரும். 200 சாக்குக்கு 100 கிலோ தாண்டும். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பயன்படுவது இந்த இடத்தில்தான்.

லோடு இறங்கும்போது விற்பவர் பக்கத்து ஆள் ஒருவர் எடைமேடையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்பது டிரைவர் மட்டும்தான். வண்டியின் வெறும் எடையை அன்றே போட்டார்களா, பழைய சீட்டைக் காட்டினார்களா என்று அவர் ஏன் கேட்கப் போகிறார்? அவருக்குச் சீக்கிரம் இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குப் போக வேண்டும்.

பாக்கிக்கும் நேரில்தான் போக வேண்டும். பத்து முறை அடித்த போனை எடுக்காதவர், எதிரே வந்து உட்கார்ந்தவரிடம் ஒரு தேதியாவது சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் போகாதீர்கள். பணம் வெளியே வராது, வந்ததற்கு வருத்தம்தான் மிஞ்சும். கணக்கை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவருடைய வேலையாட்களோ வாடிக்கைக்காரர்களோ இருக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். மொத்தமாக இல்லை என்றால், எத்தனை தவணை, எந்தெந்தத் தேதி என்று அந்தத் தாளிலேயே அவர் கையால் எழுத வையுங்கள்.

அன்றாட விலை விசாரிக்க, லாரி நம்பர் சொல்ல, பணம் ஏறிவிட்டதா என்று கேட்கப் போன் போதும். இதற்கெல்லாம் போய் நிற்பது பெட்ரோலுக்குக் கேடு.

2016-இல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையிலேகூட, மாதிரி எடுத்துத் தரம் பார்த்த பிறகுதான் விலை கேட்கும் முறை வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கும் கொள்முதல் நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரியை விவசாயியின் கண் முன்னால் எடுங்கள். வெயில் சூட்டோடு இருக்கும் நெல்லை ஈரம் பார்க்கும் மெஷினில் வைத்தால் அளவு தப்பும். ஆறவிட்டு மூன்று முறை பாருங்கள். எண் தெரிகிற பக்கத்தை விவசாயி நிற்கிற திசைக்குத் திருப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
நெல் தரகர்கள் சிலர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.