ஆண்டு விழா நாடகம் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு விழாவில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ‘அந்திகோனி’ நாடகம் போடுகிறார்கள். நல்ல நாளும் அதுவுமாய் இப்படிச் சாவில் முடியும் ஒரு கதையா, முடிவையாவது மாற்றக் கூடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் கி.மு. 441 வாக்கில் சோஃபோக்ளிஸ் எழுதிய நாடகம் இது. தீப்ஸ் நகரின் மேல் படையெடுத்து வந்து மாண்டவனை யாரும் புதைக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று அரசன் கிரயோன் ஆணையிடுகிறான். இறந்தவனின் சகோதரி அந்திகோனி மண்ணள்ளிப் போட்டு அந்த ஆணையை மீறுகிறாள். கிரயோன் வேறு யாருமல்ல, அவளுடைய தாய்மாமன்.

இதைக் காலத்துக்கேற்ப மாற்றிப் போடுவது புதிதல்ல. 1944-இல், ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்து வைத்திருந்தபோதே, பிரெஞ்சு நாடக ஆசிரியர் ழான் அனூய் திருத்தி எழுதிய ‘அந்திகோனி’ அங்கே மேடையேறியது; நடிகர்கள் கிரேக்க உடை இல்லாமல் தங்கள் காலத்து உடையிலேயே நடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதை நடித்தபோது நெல்சன் மண்டேலா வேடம் கட்டியது கிரயோனுக்கு! சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனவர், சட்டம் போடும் அரசனாக நின்றிருக்கிறார்.

நம் பிள்ளைகளும் கிரேக்க அங்கி, முகமூடி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். மூலத்தில் கூட்டமாய்ப் பாடும் ஊர்ப் பெரியவர்கள், இதில் உங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்து எழுந்து பேசுவார்கள். அவர்கள் கையில் செல்போன் இருக்கும். அதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை, வாக்கெடுப்பில் தோற்றுவிட்டேன்.

கிரயோனை மட்டும் வில்லனாக்க விடவில்லை. முதல் ஒத்திகையில் அந்த மாணவன் தொண்டை கிழியக் கத்தினான். நாடக ஆசிரியை நிறுத்தி, “போர் முடிந்து ஒரு ராத்திரிதான் ஆகிறது. ஊர் உடையாமல் இருக்க வேண்டுமே என்று பயப்படுகிறவன் எப்படிப் பேசுவான்?” என்றார். அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப்.

முடிவையும் மாற்றவில்லை. மூலத்தில் அந்திகோனி சாக, அவளை மணக்கவிருந்த கிரயோனின் மகனும், அதைக் கேட்டு கிரயோனின் மனைவியும் உயிரை விடுகிறார்கள். அந்திகோனி பிழைத்துவிட்டால் கிரயோனுக்கு எந்த இழப்பும் இல்லை, தான் செய்தது என்னவென்று அவனுக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். ஆனால் மூன்று பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் கதை என்பதால் உங்கள் கவலை எனக்கும் உண்டு. சோஃபோக்ளிஸே இந்தச் சாவுகளை மேடையில் காட்டவில்லை. தூதன் வந்து சொல்வதோடு சரி. நாங்கள் அந்தத் தூதனின் பேச்சிலும் விவரங்களைக் குறைத்திருக்கிறோம். நடிக்கும் பிள்ளைகளோடு பள்ளியின் மனநல ஆலோசகர் தொடர்ந்து பேசிவருகிறார். வீட்டில் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்புக்குக் கீழுள்ள குழந்தைகளின் நடனங்கள் முதலில் முடிந்துவிடும், அவர்களை நாடகத்துக்கு முன்பே அழைத்துப் போகலாம். நடிக்கும் பிள்ளைகளுக்கு வாடகை உடை எதுவும் எடுக்க வேண்டாம், வீட்டிலுள்ள வெள்ளைச் சட்டை போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்