தேன் உறைந்தால் பதில் சொல்லுங்கள்

ஐயா,

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனைப் பலர் இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். படம் போடுவதோடு சரி. "தேன் உறைஞ்சுபோச்சே, சர்க்கரைப் பாகா?" என்று கீழே ஒருவர் கேட்டால் பதில் இல்லை. வாங்க வருபவர் முதலில் படிப்பது அதைத்தான். ரப்பர் மரங்களிலிருந்து தேனீ சேர்க்கும் தேன் சீக்கிரம் உறையும், கலப்படமல்ல; பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் வைத்தால் இளகும் என்று அங்கேயே எழுதுங்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பாலிருந்து மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலேயே. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பது ஆளை விரட்டும் வழி. பரிசுப் போட்டிக்குச் சேரும் கூட்டமோ பரிசோடு போய்விடும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பாட்டில் லேபிளிலேயே எண்ணை அச்சிட்டு, பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

தேனீ வளர்ப்போர் சிலர்,
குழித்துறை