பிரிட்ஜ் மேஜையில் யார் தீர்ப்புச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்ஜ், நால்வர் இரண்டு ஜோடிகளாக ஆடும் சீட்டாட்டம். கிளப் பிரிட்ஜ் போட்டிகளில் சத்தம் கிளம்பும் மேஜைக்குப் போய்ப் பாருங்கள். போட்டி நடுவரான டைரக்டர் வந்து சேர்வதற்குள் நால்வரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார்கள். "பரவாயில்லை, சீட்டைத் திருப்பி எடுத்துக்குங்க" என்கிற பெருந்தன்மையும் இதில் சேர்த்திதான். 2017 விதிப் புத்தகத்தின் 10ஆம் விதிப்படி, பரிகாரம் சொல்லும் உரிமை டைரக்டர் ஒருவருக்கே.

எதிர்ப் பக்கத்தில் ஒருவர் முறை மாறி முதல் சீட்டை இறக்கிவிட்டால், ஏலத்தை ஜெயித்து ஆட்டத்தை நடத்தும் டிக்ளேரருக்கு ஐந்து வழிகள் உண்டு. அந்தச் சீட்டை ஏற்று, டம்மியை (மேஜைமேல் விரித்து வைக்கும் பார்ட்னரின் சீட்டுகளை) பார்த்துவிட்டுத் தானே ஆடலாம். ஏற்றுத் தன் கையை விரித்து டம்மியாகலாம். சரியான ஆளை அதே ரகத்தில் இறங்கச் சொல்லலாம். அந்த ரகத்தில் இறங்கக் கூடாது என்று தடுக்கலாம். அல்லது எதையும் இறங்கட்டும் என்று விட்டு, தவறான சீட்டை மேஜைமேல் முகம் தெரியத் தண்டனைச் சீட்டாக வைக்கலாம். மேஜையில் பாதிப் பேருக்கு இதில் இரண்டு வழிதான் ஞாபகம் வரும். டைரக்டர் ஐந்தையும் சொன்ன பிறகுதான் டிக்ளேரர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிவோக்கிலும் (கையில் இருந்தும் இறங்கிய ரகத்தைப் போடாமல் விடுவது) இதே குழப்பம். "ரிவோக்கா, ரெண்டு டிரிக் கொடு" என்பது பழைய பழக்கம் (டிரிக் என்பது நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் ஒரு சுற்று). தவறியவர் அந்த டிரிக்கைத் தன் சீட்டால் ஜெயித்திருந்தால்தான் இரண்டு. இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்று. அதுவும், தவறிய பக்கம் அடுத்த டிரிக்குக்குச் சீட்டுப் போட்ட பிறகுதான்.

ஆனால் நட்பே முறிவது தயக்கத்தில்தான். ஏலத்தைப் பாருங்கள்; நால்வருக்கும் திசைதான் பெயர், வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் இன்னொன்று. தெற்கு 1 ஆட்டின், மேற்கு 1 இஸ்பேட், வடக்கு, தாவிக் கேட்கப்போவதை அறிவிக்கும் ஸ்டாப் சீட்டு வைத்து 4 ஆட்டின். தாவிக் கேட்ட பிறகு அடுத்தவர் பத்து விநாடி காப்பது பொது வழக்கம். கிழக்கு முப்பது விநாடி கூரையைப் பார்த்துவிட்டுப் பாஸ். தெற்கும் பாஸ். இப்போது மேற்கு ஆறு இஸ்பேட் வைத்துக்கொண்டு 4 இஸ்பேட் போடுகிறார். கிழக்கு யோசித்ததில் குற்றம் எதுவுமில்லை. அந்த யோசனையிலிருந்து மேற்கு சேதி எடுத்துக்கொண்டாரா என்பதே கேள்வி. டைரக்டர் முதலில் தயக்கம் இருந்ததா என்று இரு பக்கமும் கேட்டு எழுதிக்கொண்டு, ஆட்டத்தை முடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மேற்கின் சீட்டுகளை அதே தரத்து ஆட்டக்காரர்கள் நாலைந்து பேரிடம் காட்டி, தயக்கத்தைப் பற்றி மூச்சுவிடாமல், "என்ன கேட்பீர்கள்?" என்று விசாரிக்க வேண்டும். அவர்களில் கணிசமானோர் பாஸை யோசித்து, சிலர் பாஸே சொன்னால், எதிர்ப் பக்கத்துக்கு நஷ்டமாகியிருக்கும் பட்சத்தில் 4 இஸ்பேட் செல்லாது. ஸ்கோர் 4 ஆட்டினுக்கு மாறும். இது தண்டனை அல்ல. மேற்கைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை என்பதை டைரக்டர் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. (அந்த ரகத்தில் ஒரே சீட்டை வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் நடித்து எதிராளியை ஏமாற்றுவது வேறு கதை, அது நேரடிக் குற்றம்.)

நடத்தையை இதிலிருந்து பிரித்தே பார்க்க வேண்டும். பார்ட்னரை எல்லார் முன்னும் திட்டுவது, சீட்டை வீசுவது, எதிராளியை ஏமாற்றுக்காரன் என்பது: இவற்றுக்கு 91ஆம் விதி இருக்கிறது. புள்ளி குறைக்கலாம், அந்த அமர்விலிருந்தே நிறுத்தி வைக்கலாம். அப்பீல் குழு அதை மாற்ற முடியாது. நம் கிளப்புகளில் இந்த விதி தூங்குகிறது. மூத்த உறுப்பினர் என்றால் டைரக்டருக்கே கை நடுங்குகிறது. வட அமெரிக்காவில் இதற்கு ஒரு போர்டின் (ஒரு முறை பகிர்ந்த சீட்டுகளின் ஆட்டம்) புள்ளியில் கால் பங்கு, குழு ஆட்டமென்றால் 3 இம்ப் (குழு ஆட்டப் புள்ளி) என்று அளவு வைத்திருக்கிறார்கள். அளவு முன்கூட்டியே தெரிந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை.

கள்ள சைகை என்று சந்தேகம் வந்தால் மேஜையில் வாயைத் திறக்கவே கூடாது. போர்டு எண், ஏலத்தில் கேட்டவை, விழுந்த சீட்டுகள் எல்லாவற்றையும் எழுதி டைரக்டரிடம் தனியே கொடுக்க வேண்டும். 1975 பெர்முடா உலகப் போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்றின் மேல் காலால் சைகை என்று புகார் வந்தபோதும் முதலில் நடந்தது கண்காணிப்புத்தான். பிறகே மேஜைக்கடியில் தடுப்பு வைத்தார்கள்.

அடுத்த போட்டிக்கு முன் நம் கிளப்புகள் நடத்தைத் தண்டனையின் அளவையும் அப்பீல் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் ஸ்கோர் வெளியான பின் 30 நிமிடம்தான். ஜோடி ஆட்டத்தில் இருவரும் சம்மதித்தால்தான் அப்பீல்.

இப்படிக்கு,
கிளப் போட்டி டைரக்டர் ஒருவர்,
கோயம்புத்தூர்